ஐந்து வயதில் ஊரைக் காத்தவர்கள்



இன்றைய பேச்சின் தலைப்பு, ‘பவர்பஃப் கேர்ள்ஸ்’ என்ற கார்ட்டூன் தொடரைப் பற்றிய துணுக்குகள். அழைப்பிதழைப் பார்த்ததும் சிலர் முகம் சுளித்திருக்கலாம். கார்ட்டூனுக்கு ஒரு சொற்பொழிவா? அதிலும் துணுக்குகளா? துணுக்கு என்றாலே நம்மில் பலருக்கு இளக்காரம்தான். பத்திரிகையில் இடம் மிஞ்சினால் போடுகிற சமாச்சாரம். ஆனால் நல்ல படைப்பு ஒன்றைப் பற்றிய துணுக்கைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், யாரோ ஒருவர் யோசித்து எடுத்த முடிவு அதற்குள் இருக்கும். இந்தப் பெண்களுக்கு ஏன் விரல்களே இல்லை? வில்லன் ஏன் ஒரே சேதியை மூன்று முறை சொல்கிறான்? பள்ளி ஆசிரியைக்கு ஏன் அந்தப் பெயர்? எல்லாவற்றையும் விட, ஊரையே தூக்கி நிறுத்தும் பலசாலிகளுக்கு ஏன் ஐந்தே வயது? இந்தக் கடைசிக் கேள்வியைச் சுற்றித்தான் இன்றைய பேச்சு.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். டவுன்ஸ்வில் என்று ஒரு நகரம். அங்கே யுட்டோனியம் என்று ஒரு பேராசிரியர். அருமையான பெண் குழந்தையைப் படைக்க ஆசைப்பட்டு, சர்க்கரை, வாசனைச் சரக்கு, இனிமையானவை என்று எதெல்லாம் உண்டோ அத்தனையையும் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கலக்குகிறார். கைதவறி, கெமிக்கல் எக்ஸ் என்ற மர்மத் திரவமும் அதில் கொட்டிவிடுகிறது. வெடிச்சத்தம். புகை விலகினால் மூன்று குழந்தைகள். மூன்று பேருக்கும் பறக்கத் தெரியும். கண்ணிலிருந்து கதிர் வீசத் தெரியும். கட்டடத்தைத் தூக்கி எறியத் தெரியும். தலைமை தாங்குகிறவள் பிளாஸம். அழுகையும் சிரிப்பும் முந்திக்கொண்டு வருகிறவள் பபிள்ஸ். முதலில் குத்திவிட்டுப் பிறகு விசாரிக்கிறவள் பட்டர்கப்.

அந்தச் சர்க்கரையும் வாசனைச் சரக்கும் ஆங்கிலக் குழந்தைகளுக்கு 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பழக்கமானவை. பெண் பிள்ளைகள் எதனால் ஆனவர்கள் என்று கேட்டுப் பதில் சொல்லும் ஒரு மழலைப் பாட்டிலிருந்து எடுத்தது. அப்படியானால் கெமிக்கல் எக்ஸ் எங்கிருந்து வந்தது? அங்கேதான் முதல் துணுக்கு இருக்கிறது.

1991-ஆம் ஆண்டு. கலிஃபோர்னியா கலைக் கல்லூரியில், அவர்கள் வழக்கில் கால்ஆர்ட்ஸில், அனிமேஷன் படித்துக்கொண்டிருந்த மாணவர் கிரெய்க் மெக்ராக்கன். தன் சகோதரருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை செய்ய உட்கார்ந்தவர், ஆரஞ்சு நிறத் தாளில் பெரிய கண்களுடன் மூன்று சின்னப் பெண்களை வரைந்தார். அவ்வளவுதான், ஒரு வாழ்த்து அட்டை. அடுத்த ஆண்டு அதே மூவரை வைத்து மாணவர் குறும்படம் ஒன்றும் எடுத்துவிட்டார். அந்தப் படத்தில் குழந்தைகளின் பாத்திரத்தில் விழுந்தது கெமிக்கல் எக்ஸ் இல்லை. ‘செம உதை’ என்று பொருள்படும், ஆனால் பெரியவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு தெருப்பேச்சு வார்த்தை. அதை டப்பாவில் அடைத்து வைத்திருப்பதாகக் கற்பனை செய்து, அந்த டப்பாவைக் கவிழ்த்தார். பெண்களுக்கும் அதே வார்த்தையில்தான் பெயர்.

கல்லூரி அரங்கில் கைதட்டல் வாங்கலாம். பிள்ளைகள் பார்க்கும் தொலைக்காட்சியில் முடியுமா? கார்ட்டூன் நெட்வொர்க் வாசலை மிதித்தபோது பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. டப்பா போய் ரசாயனம் வந்தது. தணிக்கையால் படைப்பு கெட்டது என்று எத்தனையோ கதைகள் கேட்டிருக்கிறோம். இது மாறாக நடந்த கதை. மாணவன் வைத்த பெயரில் ஒரு தடவை சிரிக்கலாம். கெமிக்கல் எக்ஸை வைத்து ஆறு பருவங்கள் கதை சொல்ல முடிந்தது.

வாசல் மிதித்ததும் கதவு திறந்துவிட்டதா? அதுவும் இல்லை. 1995-இல், புதுக் கார்ட்டூன்களைச் சோதித்துப் பார்க்கும் வரிசையில் முதல் குறும்படம் ஒளிபரப்பானது. கண்ணில் பட்டதையெல்லாம் இறைச்சியாக மாற்றும் துப்பாக்கியோடு அலையும் காட்டுப் பேர்வழி ஒருவனைப் பெண்கள் அடக்கும் கதை. பதினொரு வயதுப் பையன்கள் சிலரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் தீர்ப்பு என்ன தெரியுமா? இவ்வளவு மட்டமான கார்ட்டூனைப் பார்த்ததே இல்லை. இதைச் செய்த ஆளை வேலையிலிருந்து தூக்குங்கள். இதைப் பின்னாளில் மெக்ராக்கனே பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்தச் சோதனையில் முதலில் தேறியது, அவரோடு கல்லூரியில் படித்த கெண்டி டார்டகோவ்ஸ்கியின் ‘டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி’. மெக்ராக்கன் என்ன செய்தார்? நண்பர் தொடரில் கலை இயக்குநராக வேலை பார்த்துக்கொண்டு காத்திருந்தார். 1998 நவம்பர் 18 அன்று பவர்பஃப் கேர்ள்ஸ் தொடராகத் தொடங்கியபோது, அதுவரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் எந்தத் தொடரின் முதல் நாளும் பெறாத அளவு பார்வையாளர்கள் வந்தார்கள். நண்பர் டார்டகோவ்ஸ்கியும் இந்தத் தொடரில் பல கதைகளை இயக்கிக் கொடுத்தார்.

இனி உருவத்துக்கு வருவோம். மூவருக்கும் விரல் இல்லை, மூக்கு இல்லை, காது இல்லை, கழுத்தும் இல்லை. தலையும் கண்ணும்தான் ஆள். சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு. எவ்வளவு குறைத்தாலும் எது மிஞ்ச வேண்டும் என்று யோசித்த ஓவியன் கண்ணை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டான். அந்தக் கண்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1960-களில் அமெரிக்க வீட்டுச் சுவர்களிலெல்லாம் தொங்கிய, பெரிய கண் குழந்தைகளின் ஓவியங்கள். அவற்றை வரைந்தவர் மார்கரெட் கீன்.

கொஞ்சம் வழி விலகி, இவர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். மார்கரெட் வரைந்தார், கணவர் வால்டர் கீன் தான் வரைந்ததாகச் சொல்லி விற்றார். ஆண்டுக்கணக்கில் புகழ் அவருக்கு, தூரிகை இவருக்கு. மணமுறிவுக்குப் பிறகு மார்கரெட் உண்மையை வெளியே சொன்னார். கடைசியில் 1986-இல் ஹோனலூலு நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தது. யார் வரைந்தது என்று எப்படி முடிவு செய்வது? இருவரும் இங்கேயே வரைந்து காட்டுங்கள் என்றார் நீதிபதி. வால்டர் தோள் வலிக்கிறது என்றார். மார்கரெட் 53 நிமிடங்களில் ஒரு பெரிய கண் குழந்தையை வரைந்து வைத்துவிட்டார். அவருக்கு 40 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது தீர்ப்பு. பவர்பஃப் பெண்கள் படிக்கும் மழலையர் பள்ளி ஆசிரியையின் பெயர் மிஸ் கீன். யாருக்குச் செய்த மரியாதை என்று இப்போது விளங்குகிறதா?

மழலையர் பள்ளி என்றேன். வயதைப் பற்றிப் பேச இதுதான் இடம்.

சூப்பர்மேன் பெரியவர். பேட்மேன் பெரியவர். அவர்கள் கதைகளில் சிறுவர்கள் வந்தால் உதவிக்கு வருவார்கள், இல்லையென்றால் மாட்டிக்கொண்டு அலறுவார்கள். இங்கே நகர மேயரின் அவசரத் தொலைபேசி ஒலிப்பது ஒரு மழலையர் பள்ளியில். டீச்சரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் உலகத்தைக் காக்கப் போக வேண்டும். போய்வந்தபின் சாப்பிட வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். பலம் கூடியதற்காக வயது கூடாது என்று படைத்தவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டைக் கடைசிவரை தளர்த்தவே இல்லை. நல்ல கதைகள் எல்லாம் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் பிறந்தன.

உதாரணம் கேளுங்கள். பபிள்ஸுக்கு இருட்டு என்றால் பயம். விளக்கு எரிந்தால்தான் தூக்கம், அருகே ஆக்டி என்ற ஆக்டோபஸ் பொம்மை வேண்டும். இரும்பை வளைக்கிற குழந்தை கட்டிலுக்கடியில் பூச்சாண்டி இருப்பானோ என்று நடுங்குகிறாள். கதாசிரியர்கள் என்ன செய்தார்கள்? நிஜமாகவே ஒரு பூச்சாண்டியைக் கொண்டுவந்து, ராட்சத டிஸ்கோ பந்தால் சூரியனை மறைத்து, ஊரையே நிரந்தர இருட்டில் தள்ளினார்கள். அதைத் துளைத்துக்கொண்டு போக வேண்டியவள் யார்? பபிள்ஸ்தான்.

இன்னொரு கதையில், திருடனைப் பிடித்ததற்குப் பரிசாக மேயர் மிட்டாய் கொடுக்கிறார். பிள்ளைகளுக்கு மிட்டாய் ருசி கண்டுவிடுகிறது. திருட்டு இல்லாவிட்டால் மிட்டாய் இல்லை. அதனால் பெரிய வில்லனையே சிறையிலிருந்து தப்பவிடும் அளவுக்குப் போகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் கணக்கு அது. அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. வேலைக்குக் கூலி பேசிக் கெடுத்த பெரியவர்தான் அந்தக் கதையின் குற்றவாளி என்பது என் கட்சி.

பிளாஸமால் ஊதியே எதையும் உறையவைக்க முடியும். பபிள்ஸுக்கு மிருகங்களின் பேச்சுப் புரியும், ஸ்பானிஷ் மொழியும் வரும். பட்டர்கப்பிடம் மட்டும் மற்ற இருவருக்கும் வராத தனித்திறமை என்று ஒன்றும் இல்லை. அதை நினைத்து ஒரு கதை முழுக்கக் குமைகிறாள். கடைசியில் அவளால் மட்டுமே செய்ய முடிந்தது என்று ஒன்று கிடைக்கிறது. என்ன? நாக்கை உருட்டுவது. முன்வரிசையில் ஏழெட்டுப் பேர் இப்போதே முயன்று பார்ப்பது இங்கிருந்து தெரிகிறது.

வில்லன்களுக்கு வருவோம். மோஜோ ஜோஜோ. தலையில் மூளை பிதுங்கிய குரங்கு. இவன் யார் என்று நினைக்கிறீர்கள்? பேராசிரியர் வீட்டில் வளர்ந்த ஜோஜோ. பேராசிரியரின் கையை இடித்து, கெமிக்கல் எக்ஸ் சிந்தக் காரணமாக இருந்ததே இவன்தான் என்று பிறகு ஒரு கதையில் தெரியவருகிறது. ஆக மூன்று பெண்கள் பிறந்ததற்கே காரணம் அவர்களுடைய பரம எதிரி. புதுப் பிள்ளைகள் வந்தபின் தன்னை ஒருவரும் கவனிக்கவில்லை என்ற ஆற்றாமைதான் அவன் வில்லத்தனத்தின் ஊற்று. தம்பி தங்கை பிறந்த வீட்டில் மூத்த பிள்ளை படும் பாடு எந்த அம்மாவுக்குத் தெரியாது?

அவன் பேச்சுதான் தொடரின் தனிச் சுவை. உலகை ஆள்வேன் என்று சொல்லிவிட்டு, ஆள்வது நான்தான் என்பான். ஆளப்போகிறவன் நானாகையால் நீங்கள் ஆளப்படுவீர்கள் என்பான். ஆளப்படுகிறவர்கள் நீங்களாகையால் ஆள்பவன் நான் என்று முடிப்பான். 1960-களில் ஜப்பானியக் கார்ட்டூன்களை ஆங்கிலத்துக்கு மாற்றியவர்கள், வாயசைவுக்குப் பொருந்த வசனத்தை இழுத்து இழுத்து நிரப்புவார்கள். ‘ஸ்பீட் ரேசர்’ அந்த வகைக்குப் பேர்போனது. அந்த இழுவையைக் கிண்டல் செய்து பிறந்ததுதான் மோஜோவின் பாணி. குரல் கொடுத்தவர் ராஜர் எல். ஜாக்சன். 1996-இல் வந்த ‘ஸ்க்ரீம்’ திகில் படத்தில் தொலைபேசியில் மிரட்டுகிற குரலும் அவருடையதே. பெற்றவர்களை நடுங்க வைத்த தொண்டை, இரண்டே ஆண்டில் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தது.

இத்தனை பெரிய வில்லன் காலையில் எழுந்து என்ன செய்வான்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. எழுகிறான், செய்தித்தாள் எடுக்கிறான், முட்டை வாங்கக் கடைக்குப் போகிறான். உலகை அழிக்கும் திட்டத்துக்கு நடுவே முட்டையும் வாங்கியாக வேண்டும் அல்லவா?

குரல்களைப் பற்றி இன்னும் ஓரிரு வார்த்தை. கதை சொல்லும் குரலும் அசட்டு மேயரும் டாம் கென்னி. ஸ்பாஞ்ச்பாப் பேசுவதும் அவர்தான். பேராசிரியர் யுட்டோனியம் டாம் கேன். நண்டுக் கொடுக்குக் கையும் பெண் குரலுமாக வந்து நடுங்க வைக்கும் சாத்தானும் அவரே. பபிள்ஸ் டாரா ஸ்ட்ராங், பிளாஸம் கேத்தி காவடினி. பட்டர்கப்பின் கரகரப்பு இ.ஜி. டெய்லி, தொடர் தொடங்கிய அதே 1998-இல் ‘பேப்: பிக் இன் தி சிட்டி’ படத்தில் பன்றிக்குட்டியாகப் பேசியவர். வரைபடப் பலகையும் கதையும் அமெரிக்காவில்; அசையும் படங்களில் பெரும்பகுதி சியோலில் உள்ள ரஃப் டிராஃப்ட் கொரியா கூடத்தில் வரையப்பட்டவை. கடைசிப் பாட்டைப் பாடியது கிளாஸ்கோவின் பிஸ் என்ற குழு.

இதுவரை சொன்னவை சின்ன விஷயங்கள். இந்தத் தொடர் பிள்ளைகளின் அறிவை எவ்வளவு நம்பியது என்பதற்கு மூன்று கதைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 2001 பிப்ரவரி 9 அன்று வந்தது. தேதியைக் கவனியுங்கள். 1964-இல் அதே பிப்ரவரி 9 அன்றுதான் பீட்டில்ஸ் இசைக்குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் முதன்முதலாகத் தோன்றியது. கார்ட்டூனில் நான்கு வில்லன்கள் கூட்டணி சேர்ந்து ‘பீட்-ஆல்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு வெற்றிமேல் வெற்றி பெறுகிறார்கள். வசனத்தில் பெரும்பகுதி பீட்டில்ஸ் பாட்டுகளின் வரிகளையும் தலைப்புகளையும் கோத்து எழுதியது. கடைசியில் மோக்கோ ஜோனோ என்ற கலைஞி வருகிறாள், கூட்டணி உடைகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது குரங்கு காதலில் விழுந்த கதை. பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கும் அப்பாவுக்கு வேறு கதை. இருவரும் சிரிப்பார்கள், ஒருவர் சிரிப்புக்கான காரணம் மற்றவருக்குத் தெரியாது. 2014-இல் வந்த சிறப்புக் கதையில் ஒரு கணக்கு மேதைக்குக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? பீட்டில்ஸின் தாள வாத்தியக்காரர் ரிங்கோ ஸ்டார்.

இரண்டாவது கதையும் 2001-இல் வந்ததுதான். ஃபெம் ஃபடால் என்றொரு கொள்ளைக்காரி. நோட்டு வேண்டாம், தங்கம் வேண்டாம், சூசன் பி. அந்தோணியின் உருவம் பொறித்த ஒரு டாலர் நாணயங்களை மட்டும் திருடுவாள். பிடிபட்டதும், பெண்ணைப் பெண்ணே சிறையில் தள்ளலாமா, நம் இனத்தில் வீராங்கனைகளே எத்தனை குறைவு என்று மூவரையும் மயக்கித் தப்பிக்கிறாள். அதைக் கேட்ட பிள்ளைகள் பள்ளியில் பையன்களைப் போட்டு வதைக்கத் தொடங்குகிறார்கள். அவளால் அடிபட்டவர்களும் பெண்கள்தானே என்று டீச்சர் கேட்ட பிறகுதான் தெளிகிறார்கள். திரும்பிப் போய் அந்தத் திருடிக்கு அந்தோணியின் வரலாற்றைச் சொல்கிறார்கள்: பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத 1872-இல் அவர் ஓட்டுப் போட்டார், கைதானார், ஆணுக்கு என்ன தண்டனையோ அதே எனக்கும் வேண்டும் என்றார். மெய்யான வரலாற்றில் அவருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள், கட்ட மாட்டேன் என்றார், கடைசிவரை கட்டவும் இல்லை. கார்ட்டூன் அதைச் சற்று நாடகமாக்கியது. போகட்டும். பெண்ணுரிமை என்ற சொல்லைத் தவறாகப் பயன்படுத்துவது எப்படி, சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று பத்தே நிமிடத்தில், ஒரு திருடியை வைத்துப் பாடம் நடத்திவிட்டார்கள். இதன் எழுத்தில் பங்குகொண்ட லாரன் ஃபாஸ்ட், பின்னர் ‘மை லிட்டில் போனி’யைப் புதிய தொடராக உருவாக்கியவர். மெக்ராக்கனின் மனைவியும் அவரே.

மூன்றாவது, பன்னி கதை. ஊரில் வேலை அதிகமாகிவிட்டது, மூவரால் சமாளிக்க முடியவில்லை. நமக்கென்று ஒரு தங்கையை நாமே செய்துகொண்டால் என்ன? பிள்ளைகள் செய்முறையைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் வீட்டில் சர்க்கரை இல்லை. செயற்கை இனிப்பைப் போடுகிறார்கள். மற்றவற்றுக்கும் கைக்குக் கிடைத்த மண்ணும் குச்சியும்தான். பிறக்கிறாள் பன்னி. கோணல் உடம்பு, பெரிய பல், ஊதா உடை, வெள்ளை மனசு. நல்லவர் யார், திருடன் யார் என்று புரியாமல் போலீஸ்காரர்களைச் சிறையில் போட்டுவிட்டுத் திருடர்களை வெளியே விடுகிறாள். அக்காக்கள் சீறுகிறார்கள். அவள் ஓடிப்போகிறாள். அந்தத் திருடர்களிடம் அக்காக்கள் சிக்கியபோது திரும்பி வந்து தனியாளாகக் காப்பாற்றுகிறாள். பிறகு, சரியாகச் சேராத சரக்கால் செய்த உடம்பு தாங்காமல் வெடித்துவிடுகிறாள். மீண்டும் வரவே மாட்டாள். ஒவ்வொரு கதையும் ஊர் காப்பாற்றப்பட்டது என்ற குதூகலத்தோடு முடிகிற தொடரில், கதை சொல்லும் குரலும் இங்கே தழுதழுக்கிறது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் தாங்குமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். தாங்கும். இருபது ஆண்டு கழித்தும் பன்னியின் பெயரை மறக்காதவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள்.

எல்லாத் துணிச்சலும் பலித்தது என்று சொல்ல முடியாது. முழுக்கப் பாட்டாகவே எடுத்த ஒரு கதை அமெரிக்கத் திரைக்கு அப்போது வரவே இல்லை. 2002 ஜூலை 3 அன்று வந்த திரைப்படமும் பெரிதாக ஓடவில்லை. 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம், அதே நாளில் வெளியான ‘மென் இன் பிளாக்’ இரண்டாம் பாகத்தோடு மோதி, உலகம் முழுக்க 1 கோடியே 60 லட்சத்தைச் சற்றுத் தாண்டியதோடு நின்றது. ஆனால் படத்தின் முதல் பாதியைப் பாருங்கள். பிறந்து ஓரிரு நாள்கூட ஆகாத குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடியே ஊரை இடித்துவிடுகிறார்கள். ஊரே வெறுக்கிறது. காரணம் புரியாமல் விழிக்கிறார்கள். கார்ட்டூன் நெட்வொர்க்கின் சொந்தத் தொடர் ஒன்று திரையரங்குக்கு வந்தது அதுதான் முதல்முறை. மூன்று பேருக்கும் பெயர் வைக்கும் காட்சியும் அதில் உண்டு. இரண்டு பேருக்குக் குணத்தைப் பார்த்து அழகாகப் பெயர் சூட்டிய பேராசிரியர், மூன்றாமவளுக்கு, இதுவும் அதே எழுத்தில் தொடங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பட்டர்கப் என்று வைக்கிறார். அவள் முகம் போன போக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2005-இல் 78 பகுதிகளோடு தொடர் முடிந்தது. இரண்டு எம்மி விருதுகள் வந்தன. டெல்டா நிறுவனத்தின் விமானம் ஒன்றின் உடம்பில்கூட மூவரும் பறந்தார்கள். அதன்பின் பலர் இந்தப் பெண்களைக் கையில் எடுத்தார்கள். 2006-இல் ஜப்பானின் டோய் நிறுவனம் மூவரையும் நடுநிலைப் பள்ளி மாணவிகளாக வளர்த்து, 52 பகுதிகள் எடுத்தது. துடிப்பான தொடர்தான், ஆனால் உருமாறிச் சண்டையிடும் மற்ற ஜப்பானிய நாயகிகளின் கூட்டத்தில் அவர்களும் மூவராகிவிட்டார்கள். 2016-இல் மறுபடி அமெரிக்காவில் எடுத்தபோது மெக்ராக்கன் இல்லை, பழைய மூன்று குரல்களும் இல்லை. 2021-இல் மூவரையும் இருபது வயதைத் தாண்டிய, வாழ்க்கை கசந்த பெண்களாக்கி, நடிகைகளை வைத்து ஒரு முன்னோட்டப் பகுதி எடுத்தார்கள். அது ஒளிபரப்பாகவே இல்லை. 2023-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். ஏன் தோற்றது? வயதைத் தொட்டதால் என்பதே என் முடிவு. இருபது வயதுப் பெண் ஊரைக் காத்தால் அது அவள் வேலை. ஐந்து வயதுக் குழந்தை காத்துவிட்டு, ஆக்டி எங்கே என்று தேடினால்தான் அது பவர்பஃப் கேர்ள்ஸ்.

வயது மாறாமல் வேறு வீட்டுக்குப் போய்ப் பேர் வாங்கிய ஒரே ஆள் ஒரு வில்லன். பச்சைத் தோலுடைய ரவுடிக் கும்பலின் தலைவன் ஏஸ். 2018-இல், கார்ட்டூன் உருவங்களாலான கொரில்லாஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் பேஸ் கிடார்க்காரன் கதைப்படி சிறைக்குப் போனபோது, அந்த இடத்தில் ‘தி நவ் நவ்’ தொகுப்புக்காக ஏஸ் வாசிக்க வந்தான். கேட்டவர்கள் நம்பவில்லை, காணொளியைப் பார்த்து நம்பினார்கள்.

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். இந்தத் தொடரை அவர்களோடு சேர்ந்து பாருங்கள், உங்களுக்கென்று எழுதிய சிரிப்பும் அதில் இருக்கிறது. பூச்சாண்டி கதையில் தொடங்குங்கள், அடுத்து மிட்டாய், அப்புறம் முட்டை வாங்கப் போகும் மோஜோ. பன்னி கதையை மட்டும் முதல் நாளே போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள், உங்களைத் தேற்றத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும்.